சாவுக் கணக்கை யார் எழுதுவது?

மில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையை வெறும் டீக்கடை என்று நினைப்பவர்கள் தொழிலாளியை அறியாதவர்கள். அது அவனுடைய வாசகசாலை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களில் ஒருவர் பத்திரிகையைப் பிரித்து உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். "விலைவாசி இறங்கியிருக்கிறதாம்" என்று அவர் படித்தால், "எந்தக் கடையிலே இறங்கியிருக்கு? கடை பேரையும் போடச் சொல்லு, நாளைக்கே போய் வாங்கிடுவோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பிலே ஒரு பொய் செத்துப்போகும். கிராமத்திலே களத்துமேட்டிலும் வேப்பமரத்தடியிலும் இதே கதைதான். படிக்கத் தெரிந்தவர் ஒருவர். கேள்வி கேட்கத் தெரிந்தவர் பத்துப் பேர்.

2020 மார்ச் 24ந் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டிலே 144 தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவு எட்டு மணிக்குப் பிரதமர் டெலிவிஷனில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடே அடைப்பு என்று அறிவித்தார். நூற்று முப்பது கோடி ஜனங்களுக்கு நான்கு மணி நேர அவகாசம்! மில் சங்கு ஓய்ந்தது. பஸ் நின்றது. டீக்கடை பெஞ்சு காலியாயிற்று. பத்திரிகைத் தாளிலே கிருமி ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு வதந்தி கிளம்பி, பல வீடுகளிலே பத்திரிகை போடுவதும் நின்றது.

மிஞ்சியது சட்டைப் பையிலே இருந்த செல்போன். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, இரவு பகலாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்திக்குப் பஞ்சமில்லை, மூச்சு முட்டுகிற அளவுக்கு வந்து குவிந்தது. ஆனால் "எந்தக் கடையிலே?" என்று கேட்பதற்குப் பின்னால் ஆள் இல்லை.

அடைப்பு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டனவே, 2023 மே 5ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனமே அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த நாட்களின் கணக்கு இன்னும் தீரவில்லை. அது நம்முடைய கணக்கு.

இரண்டு புத்தகம், இரண்டு கணக்கு

பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் இலாகா ஒன்று சர்க்காரிடம் இருக்கிறது. 2021ம் வருஷத்துக் கணக்கை அது 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. நான்கு வருஷம் கழித்து! அந்தக் கணக்கு என்ன சொல்கிறது?

2019ல் இந்தியாவிலே பதிவான மரணங்கள் 76 லட்சத்துச் சொச்சம். 2020ல் 81 லட்சம். 2021லே ஒரு கோடியே இரண்டு லட்சம். ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 21 லட்சம் மரணங்கள் அதிகம்! ஆனால் அதே 2021ம் வருஷத்தில் கொரோனாவால் செத்தவர்கள் என்று சர்க்கார் தினந்தோறும் அறிவித்து வந்த தொகையைக் கூட்டினால் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துச் சுமார்தான் வருகிறது.

அதிகப்படியான 21 லட்சமும் கொரோனாச் சாவுதான் என்று நாம் சொல்லவில்லை. பதிவு செய்யும் பழக்கம் முன்னைவிடக் கூடியிருக்கலாம். படுக்கை கிடைக்காமல் மாரடைப்பிலும் பிரசவத்திலும் செத்தவர்களும் அதிலே இருப்பார்கள். அதையெல்லாம் தள்ளுபடி செய்தாலும், 3 எங்கே, 21 எங்கே? ஒரு புத்தகத்திலே இருக்கிற பிணங்கள் மற்றொரு புத்தகத்திலே எப்படிக் காணாமல் போயின?

2022 மே மாதத்திலே உலக சுகாதார ஸ்தாபனம், 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில் இந்தியாவிலே வழக்கத்துக்கு மேல் 47 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. சர்க்கார் கணக்கோ 4 லட்சத்து 81 ஆயிரம். "கணக்குப் போட்ட முறை தப்பு" என்று டில்லி சர்க்கார் கோபப்பட்டது. முறை தப்பாகவே இருக்கட்டும். சரியான முறையிலே நீங்கள் போட்ட கணக்கை உடனே வெளியிட்டிருக்கலாமே! மூன்று வருஷம் பெட்டியிலே வைத்துப் பூட்டியது ஏன்?

கணக்கிலே என்ன இருக்கிறது, போனவர்கள் திரும்பியா வரப்போகிறார்கள் என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். தோழர்களே, இந்தப் பெருமூச்சு நமக்குக் கட்டுப்படியாகாது. 2021 ஜூன் 30ந் தேதி உச்ச நீதிமன்றம், கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவித்தொகை நிர்ணயிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தலைக்கு 50,000 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. கூலிக்காரன் குடும்பத்துக்கு ஐம்பதாயிரம் என்றால் என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைப் பெறக் காகிதம் வேண்டும். காகிதத்திலே நோயின் பெயர் வேண்டும். "மூச்சுத் திணறல்", "மாரடைப்பு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த வீட்டு விதவை ஆபீஸ் ஆபீஸாக நடக்க வேண்டும்.

குஜராத்தைப் பாருங்கள். அந்த ராஜ்யத்திலே கொரோனாச் சாவு பத்தாயிரத்துச் சொச்சம் என்றுதான் சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. உதவித்தொகை விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2022 ஜனவரியில், அதே சர்க்கார் 68,000க்கும் மேற்பட்ட மனுக்களை ஒப்புக்கொண்டிருந்தது தெரிய வந்தது. பத்தாயிரம் சாவுக்கு அறுபத்தெட்டாயிரம் உதவித்தொகை! நீதிமன்றம் தலையிடாவிட்டால் அந்த ஐம்பத்தெட்டாயிரம் குடும்பங்களும் கணக்குக்கு வெளியேதான் நின்றிருக்கும்.

நம் ஊர் மட்டும் யோக்கியமா? 2020 ஜூலை 22ந் தேதி, சென்னையிலே ஏற்கெனவே இறந்துபோன 444 பேரைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஒரே நாளில் கொரோனாக் கணக்கிலே சேர்த்தது. மாநகராட்சியின் மரணப் பதிவேடு ஒன்று சொல்ல, சுகாதார இலாகா மற்றொன்று சொல்ல, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பத்திரிகை நிருபர்கள் கேள்வி கேட்ட பிறகுதான் கமிட்டி போட்டார்கள். கமிட்டி போட்ட பிறகுதான் அந்த 444 பேரும் செத்தவர்கள் ஆனார்கள்!

நூறு வருஷத்துக்கு முன்னும் இதே கதை

இது இன்று நேற்று வந்த வியாதியல்ல. 1918ல் உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்புளூயன்சா காய்ச்சலுக்கு "ஸ்பானிஷ் காய்ச்சல்" என்று பெயர். அது ஸ்பெயினிலே பிறந்ததா? இல்லை. அப்போது முதல் உலக யுத்தம். பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்கா எல்லாம் யுத்தத்திலே இருந்தன. தங்கள் சிப்பாய்கள் பாசறைகளிலே கும்பல் கும்பலாகச் சாகிறார்கள் என்ற செய்தியை அவை அமுக்கி வைத்தன. ஸ்பெயின் யுத்தத்தில் சேரவில்லை. அங்கே பத்திரிகைகள் எழுதின. ராஜாவுக்கே காய்ச்சல் என்றும் எழுதின. உண்மையைச் சொன்ன நாட்டின் பெயரே நோய்க்கு வைக்கப்பட்டது. மறைத்தவர்கள் பெயர் தப்பித்துக்கொண்டது!

அமெரிக்காவிலே பிலடெல்பியா என்ற நகரம். 1918 செப்டம்பர் 28ந் தேதி அங்கே யுத்தக் கடன் திரட்ட மாபெரும் ஊர்வலம் நடத்தினார்கள். காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டது, ஊர்வலம் கூடாது என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். பத்திரிகைகள் அந்த எச்சரிக்கையைப் பிரசுரிக்க மறுத்தன. இரண்டு லட்சம் பேர் தெருவிலே நெருக்கியடித்து நின்றார்கள். சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கிலே பிணம் விழுந்தது. "ஜனங்கள் பீதியடைவார்கள்" என்று சொல்லித்தான் மறைத்தார்கள். நூறு வருஷமாக அதே சாக்கு!

அந்தக் காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்து, ரயில் ஏறி நாடெங்கும் பரவியது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்குக் குறையாமல் செத்தார்கள் என்பது மதிப்பு. ஒரு கோடியே எண்பது லட்சம் என்பாரும் உண்டு. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட அந்தப் பத்தாண்டிலே மட்டும்தான் ஜனத்தொகை ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது.

யார் செத்தார்கள்? பம்பாய் நகரத்துக் கணக்கு இருக்கிறது. ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று போட்ட கணக்கு. வெள்ளைக்காரர்களில் ஆயிரத்துக்கு எட்டுப் பேர். "தாழ்ந்த ஜாதி" என்று சர்க்கார் புத்தகம் குறித்த இந்துக்களில் ஆயிரத்துக்கு அறுபத்தொரு பேர். ஒரே நகரம், ஒரே கிருமி, ஒரே காற்று. காற்று ஒன்றுதான், ஆனால் ஒருவன் இருந்தது தோட்டத்து பங்களா, மற்றவன் இருந்தது மில்லை ஒட்டிய ஒற்றை அறை. கிருமிக்கு ஜாதியும் வர்க்கமும் தெரியாது என்று அடிக்கடி சொல்கிறார்களே, கிருமிக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டு வாடகைக்குத் தெரியும், கூலிக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்குத் தெரியும்.

அந்த ஒரு வரிக் கணக்கை அன்று எவரோ ஒரு குமாஸ்தா எழுதி வைத்ததால்தான் நூறு வருஷம் கழித்து நாம் இதைச் சொல்ல முடிகிறது. கணக்கு என்பது எத்தனை பெரிய ஆயுதம் என்று பாருங்கள்.

தண்டவாளத்தில் கிடந்த ரொட்டி

மீண்டும் 2020க்கு வருவோம். அடைப்பு அறிவித்த சில நாட்களுக்குள் வேலையும் கூலியும் இழந்த லட்சக்கணக்கான வெளியூர்த் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையிலும் குழந்தையைத் தோளிலும் சுமந்துகொண்டு ஊரைப் பார்க்க நடந்தார்கள். மார்ச் 31ந் தேதி உச்ச நீதிமன்றத்திலே மத்திய சர்க்கார் சொன்னது என்ன தெரியுமா? அடைப்பு மூன்று மாதம் நீடிக்கும் என்ற பொய்ச் செய்தியால் வந்த பீதிதான் காரணம்! அதோடு, அன்று காலை பதினோரு மணி நிலவரப்படி சாலையிலே யாரும் இல்லை என்றும் சொன்னது. சர்க்காரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பத்திரிகையும் எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவிடும்படியும் கேட்டது. விவாத சுதந்திரத்தில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. ஆனால் சர்க்கார் தரப்புச் செய்தியையும் போட வேண்டும் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னது.

அடைப்பு எத்தனை நாள் நீடித்தது? 21 நாள் என்று தொடங்கியது மே 31 வரை மூன்று தடவை நீண்டு 68 நாள் ஆயிற்று. அதன் பிறகும் ரயிலும் பஸ்ஸும் பழையபடி ஓடவில்லை. "பொய்ச் செய்தி" என்று எதைச் சொன்னார்களோ, அது உண்மையிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. நடந்து போன தொழிலாளி முட்டாள் அல்ல. கையிலே பத்து நாள் கூலிகூட இல்லாதவனுக்கு 21 நாளும் ஒன்றுதான், மூன்று மாதமும் ஒன்றுதான்.

2020 மே 8ந் தேதி விடியற்காலம். மகாராஷ்டிரத்திலே ஜால்னா நகர் இரும்பு ஆலையில் வேலை செய்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் சிலர், பூசாவல் போனால் ஊருக்கு ரயில் கிடைக்கும் என்று நம்பி, ரயில் பாதை வழியே இரவெல்லாம் நடந்தார்கள். களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே படுத்தார்கள். அடைப்பிலே ரயில் ஓடாது என்று நினைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. பிரயாணிகள் ரயில்தான் ஓடவில்லை. முதலாளியின் சரக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவுரங்காபாத்தை அடுத்த கர்மாட் அருகே சரக்கு ரயில் ஏறி 16 பேர் செத்தார்கள். அவர்கள் வழிக்குக் கட்டி வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்திலே சிதறிக் கிடந்தன.

சரக்கு ரயில் ஓடுகிறது என்பது ஒரு வரிச் செய்தி. அந்த ஒரு வரி அந்தப் பதினாறு பேரை எட்டவில்லை. தட்டைத் தட்டுங்கள், விளக்கை அணையுங்கள் என்ற செய்தி மட்டும் நாட்டின் மூலை முடுக்கெல்லாம் எட்டியது!

அந்த வருஷம் செப்டம்பர் 14ந் தேதி, அடைப்பிலே எத்தனை வெளியூர்த் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டபோது, அப்படி ஒரு விவரம் வைத்திருக்கவில்லை என்று தொழிலாளர் மந்திரி சபையிலே பதில் வந்தது. மறுநாளே, அவர்கள் நடந்ததற்குக் காரணம் பொய்ச் செய்தி கிளப்பிய பீதிதான் என்று உள்துறையிலிருந்து பதில் வந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாதவர்களுக்கு ஏன் நடந்தார்கள் என்று மட்டும் தெரிந்திருக்கிறது! சிறப்பு ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததை அதே மாதம் ரயில்வே இலாகா ஒப்புக்கொண்டது. மறு வருஷம் 2021 ஏப்ரலிலே டில்லியில் ஆக்சிஜன் தீர்ந்து ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே இரவில் இருபது நோயாளிகள் மாண்டதை உலகமே பார்த்தது. ஜூலை 20ந் தேதி பார்லிமெண்டில் வந்த பதில்: ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று எந்த ராஜ்யத்திலிருந்தும் குறிப்பாகத் தகவல் வரவில்லை.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

பொய்யைப் பரப்புவது ஒரு வித்தை. உண்மையைச் சிறிய எழுத்திலே போடுவது அதைவிடப் பெரிய வித்தை.

2020 மார்ச் 29ந் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. அடைப்புக் காலத்திலே தொழிலாளிக்குப் பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று உத்தரவு. பத்திரிகைகளிலே பெரிய எழுத்திலே வந்தது. நம்மவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு செல்லாது என்று ஆனது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? பெரிய எழுத்திலே வந்த உத்தரவு சிறிய எழுத்திலே செத்துப்போயிற்று. சம்பளத்தை முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஜூன் 12ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓநாயும் ஆடும் பேசித் தீர்த்துக்கொண்ட கதைதான்!

ஏப்ரல் 17ந் தேதி குஜராத் சர்க்கார் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக உயர்த்தி, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் கிடையாது என்று அறிவித்தது. தொழிற்சங்கம் வழக்காடி, அக்டோபர் 1ந் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. மே மாதத்திலே உத்தரப்பிரதேச மந்திரிசபை தொழிலாளர் சட்டங்களில் மிகப் பலவற்றை மூன்று வருஷத்துக்கு நிறுத்தி வைக்கும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஜூன் 5ந் தேதி மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. செப்டம்பரிலே அவை சட்டமாயின; அதே மாதம், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்திருந்த சபையிலே மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நிறைவேறின. கூட்டம் கூடக் கூடாது, ஊர்வலம் போகக் கூடாது என்று நம்மை வீட்டிலே பூட்டி வைத்துவிட்டு நம் தலையெழுத்தை மாற்றி எழுதினார்கள். அன்று நாம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்? இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று செல்போனில் ஓடும் எண்ணை!

விவசாயி மட்டும் சிறிய எழுத்தைப் படித்தான். நவம்பரிலே டில்லி எல்லையிலே போய் உட்கார்ந்தான். ஒரு வருஷம் உட்கார்ந்தான். 2021 நவம்பர் 19ந் தேதி பிரதமரே அந்த மூன்று சட்டங்களையும் வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். செய்தியைச் சரியாகப் படித்தவன் சட்டத்தையே திருத்துவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் கையால் நம் கண்ணைக் குத்திய வதந்தி

சர்க்காரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போனால் அது அரை உண்மை. நாமும் பரப்பினோம். கையிலே வந்ததையெல்லாம் யோசிக்காமல் அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டோம்.

2020 மார்ச் மாதம் டில்லி நிஜாமுதீனிலே ஒரு முஸ்லிம் மதக் கூட்டம் நடந்தது. போனவர்களுக்கு நோய் தொற்றியது உண்மை. எந்தக் கூட்டத்திலும் தொற்றும். ஆனால் ஒரு மதத்தாரே கிருமியைத் திட்டமிட்டுப் பரப்புகிறார்கள் என்று டெலிவிஷன்கள் ஓலமிட்டன. பழவண்டிக்காரனும் காய்கறிக்காரனும் பெயர் கேட்டு விரட்டப்பட்டார்கள். ஆகஸ்டு 21ந் தேதி பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் பெஞ்சு, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டார் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று கூறி வழக்குகளைத் தள்ளியது. தீர்ப்பு வந்தது, ஆனால் ஏப்ரலிலே ஒரே தறிக்கூடத்தில் அடுத்தடுத்து நின்று வேலை செய்த இருவரிடையே விழுந்த விரிசல் ஆகஸ்டிலே தானாக ஒட்டிக்கொள்ளுமா? அந்த விரிசலால் லாபம் அடைந்தவன் யார் என்று யோசியுங்கள்.

2021 ஏப்ரல் 15ந் தேதி நடிகர் விவேக் ஜனங்களுக்கு நம்பிக்கையூட்டுவதற்காகச் சென்னையிலே தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ந் தேதி காலமானார். "ஊசிதான் கொன்றது" என்று செல்போன்களெல்லாம் அலறின. அந்த மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று நிபுணர் குழு ஆராய்ந்து சொன்னது. அது அக்டோபரிலே. இடையிலேதான் இரண்டாவது அலை நம் ஊர்களைச் சூறையாடியது. ஊசிக்குப் பயந்து வீட்டிலே இருந்துவிட்ட எத்தனை பெரியவர்கள் போனார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

சொன்னவர்களும் எண்ணியவர்களும்

உண்மையைச் சொன்னவர்களையும் சொல்ல வேண்டும். நம் வீட்டுக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சீனாவிலே, வூஹான் நகரத்திலே, லீ வென்லியாங் என்ற கண் டாக்டர் 2019 டிசம்பர் 30ந் தேதி புதிய நோய் ஒன்று வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று சக டாக்டர்களுக்குச் செய்தி அனுப்பினார். வதந்தி பரப்புவதாகப் போலீசார் கூப்பிட்டு அதட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அதே நோயில் அவர் பிப்ரவரி 7ந் தேதி இறந்தார். அவர் ஒரு கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர். பின்னர் விசாரணை நடந்தது, கண்டனம் வாபஸ் ஆயிற்று, தியாகி என்றும் அறிவித்தார்கள். ஆயினும் போன நாட்கள் போனவைதான். செங்கொடி பறக்கிற இடமானாலும் சரி, எச்சரித்தவனை அதட்டினால் லாபம் கிருமிக்குத்தான்.

கேரளத்திலே முதலமைச்சர் பினராயி விஜயனும் சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜாவும் அன்றாடம் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்து, இன்று எத்தனை பேருக்கு நோய், எந்த ஜில்லா, எப்படித் தொற்றியது, ரேஷன் எங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள். ஜனங்கள் பீதியடைந்து ஓடினார்களா? இல்லை. அங்கேயும் மரணக் கணக்கிலே விடுதல் இருந்தது. 2021 அக்டோபர் முதல் ஆயிரக்கணக்கான விடுபட்ட மரணங்களைச் சேர்த்தார்கள். விட்டது குறைதான், வெளிப்படையாகச் சேர்த்தது சரி. தவறே செய்யாத சர்க்காரை நாம் தேடவில்லை. திருத்திய கணக்கை ஜனங்களுக்குக் காட்டுகிற சர்க்காரைத்தான் கேட்கிறோம்.

முதலாளிகள் நடத்தும் பத்திரிகைகளிலும் மானமுள்ள உழைப்பாளிகள் உண்டு. குஜராத்திலே "சந்தேஷ்" பத்திரிகையின் நிருபர்கள் 2021 ஏப்ரலில் இரவு முழுக்க அகமதாபாத் பிணவறை வாசலிலே நின்று, வெளியே வரும் பிணங்களைக் கையால் எண்ணினார்கள். "திவ்ய பாஸ்கர்" பத்திரிகை ராஜ்யம் முழுக்க மரணச் சான்றிதழ்களை எண்ணிற்று. அந்த வருஷம் மார்ச் 1 முதல் மே 10 வரை 1 லட்சத்து 23 ஆயிரம் சான்றிதழ்கள். முந்திய வருஷம் அதே நாட்களில் 58 ஆயிரம். அந்த நாட்களுக்கு சர்க்கார் சொன்ன கொரோனாச் சாவு 4,218! ஜூலை 22ந் தேதி அந்தப் பத்திரிகைக் குழுமத்தின் ஆபீசுகளிலே வருமானவரி அதிகாரிகள் நுழைந்தார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சர்க்கார் சொன்னது. சம்பந்தம் உண்டா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

அந்த நிருபர்கள் செய்த காரியத்துக்கு எந்த மேதாவித்தனமும் தேவைப்படவில்லை. நின்றார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். அவ்வளவுதான். இதை நாம் செய்ய முடியாதா?

நாம் செய்ய வேண்டியது

அடுத்த கொள்ளைநோய் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும் என்பதிலே விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமில்லை. அதற்குள் நாம் பழகிக்கொள்ள வேண்டிய காரியங்கள் சில.

முதலாவது, எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். இதை எண்ணியவன் யார்? எண்ணாமல் விட்டது யாரை? இதை நான் நம்பினால் லாபம் யாருக்கு? சர்க்கார் அறிக்கைக்கும் இதே கேள்வி. செல்போன் வதந்திக்கும் இதே கேள்வி. நம் பத்திரிகைக்கும் இதே கேள்விதான். பதில் கிடைக்காத செய்தியை அடுத்தவனுக்குத் தள்ளாதிருப்போம்.

இரண்டாவது, மரணத்தைப் பதிவு செய்வோம். 1969ம் வருஷத்துச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டுத் துக்கத்திலே இது தோன்றாது. பக்கத்து வீட்டுக்காரன், சங்கத்துக்காரன்தான் நினைவூட்டிக் கூட்டிப் போக வேண்டும். காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். 2020ல் இந்தியாவிலே பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் டாக்டர் எழுதிக் கொடுத்த காரணம் இருந்தது. மீதி முக்கால் பங்குக்கு மேல் எதனால் செத்தார்கள் என்று டாக்டர் கைப்பட ஒரு வரியும் இல்லாமலே போய்விட்டார்கள். அந்த முக்கால் பங்கிலே இருப்பவர்கள் பங்களாக்காரர்களா, நாமா?

மூன்றாவது, ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். யார் படுத்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், படுக்கை கிடைத்ததா, சம்பளம் பிடித்தார்களா, யார் போனார்கள் என்று தேதி போட்டு எழுதட்டும். விலை முப்பது ரூபாய்தான். ஆனால் கிராம சபையிலும் லேபர் ஆபீசிலும் கோர்ட்டிலும் அந்த நோட்டுக்கு முன்னால் பெரிய அதிகாரியும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான்காவது, செய்தியைத் தனியாகப் படிப்பதை விடுவோம். செல்போனை எறிந்துவிடச் சொல்லவில்லை. அதையும் டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள் என்கிறோம். ஒருவர் படிக்கட்டும், பத்துப் பேர் கேட்கட்டும். நோய்க் காலத்திலே ஆறடி தள்ளி நிற்க வேண்டுமானால் நிற்போம். ஆறடி தூரத்திலிருந்தும் கேள்வி கேட்கலாம்.

தண்டவாளத்திலே செத்த அந்தப் பதினாறு பேரும் நம் தோழர்கள். ஆக்சிஜன் இல்லாமல் செத்து, ஆக்சிஜன் இல்லாததால் சாகவில்லை என்று எழுதப்பட்டவர்களும் நம் தோழர்கள். அவர்கள் கூலியைத் திருடினார்கள், உயிரைப் பறித்தார்கள், கடைசியிலே கணக்கிலிருந்தும் பெயரை அழித்தார்கள். போன உயிரை மீட்க நம்மால் ஆகாது. கணக்கை மீட்க ஆகும். சாவுக் கணக்கை ஆள்கிறவன் எழுதினால் அது குறையும். சாகிறவன் வர்க்கம் எழுதினால்தான் அது சரியாகும்.

பேனாவை எடுப்போம், தோழர்களே!